பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்

தங்கச்சி அந்த விடுதியிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை, குசினி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் உள்ளுக்கு வரலாமோ?"

அம்மா சிரித்தார். "இதென்ன புதுப் பழக்கம்? வா பிள்ளை."

வந்தாள். கதிரைக்குப் பின்னால் நின்றாள். இருக்கலாமோ என்று கேட்டாள். இருந்த பிறகு, தண்ணி குடிக்கலாமோ என்று கேட்டாள். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் தமிழில் எது கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லி வளர்ந்தவள் அவள். இப்போது எல்லாவற்றையும் தமிழில் கேட்டாள். காரணத்தைப் பிறகுதான் சொன்னாள். அந்த விடுதியில் தமிழ் ஒரு சொல்கூடப் பேச விடவில்லையாம். தங்களுக்கு விளங்காத பாஷையில் பிள்ளை என்ன முறைப்பாடு சொல்லுமோ என்ற பயம் அவர்களுக்கு.

எங்கள் வீடு பாரிசின் லா ஷப்பேலில், மெட்ரோ மேம்பாலத்துக்கு எதிரே இருந்தது. அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கீழே ஒரு புடவைக்கடையில் நிற்பேன். 2009 மே மாதத்தில் அம்மாவின் தம்பி முள்ளிவாய்க்காலில் காணாமல் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடியே தூங்குவார். அப்போது தங்கச்சிக்குப் பதின்மூன்று வயது. முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பக்கத்திலிருந்த ஸ்டாலின்கிராட் மெட்ரோவடி வாய்க்கால் கரையில் திரிந்தாள். பிறகு இரவுகளில் வீட்டுக்கு வராமல் விட்டாள். ஒருமுறை பொலிஸ் கூட்டிவந்தது. பதினைந்து வயதில் அம்மாவின் கையைத் தட்டிவிட்டதில் அம்மா விழுந்து தோள்மூட்டு விலகியது.

உணவகத்துக்கு வந்துபோகும் ஒருவர்தான் அந்த இடத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னார். பாரிசிலிருந்து தொலைவில், மலைப்பக்கத்தில், வழிதவறிய பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பும் சிகிச்சையும் கொடுக்கும் விடுதி. அதன் இயக்குநர் எங்கள் வீட்டுக்கே வந்தார். மெல்லிய குரல், சுத்தமான மேலங்கி. அம்மா கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். குதிரைகளும் ஆப்பிள் மரங்களும் உள்ள படங்களைக் காட்டினார்.

அப்பா என்னிடம் திரும்பினார். "அரசாங்க அனுமதி இருக்கோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். "எல்லாம் முறைப்படி இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றார் அவர். அந்த வார்த்தைகளை அவர் சொன்ன அமைதி எனக்கு இன்றும் கேட்கிறது. அதற்கு மேல் எதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. பாரிசுக்குக் கிட்ட பொண்டியில் இருந்த மாமியிடமும் மற்றவர்களிடமும், பிள்ளை போர்டிங்கில் படிக்கப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

முதல் மாதங்களில் போய்ப் பார்க்க விடவில்லை. தொலைபேசியில் பேசலாம். ஒவ்வொரு முறையும் "சுகமாக இருக்கிறேன், நிறையப் படிக்கிறேன்" என்று பிரெஞ்சில் ஒரே மாதிரிச் சொல்வாள். பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்கும்.

தைப்பொங்கலுக்கு அப்பா யாருக்கும் சொல்லாமல் லீவு போட்டார். பொங்கிய புக்கையும் வடையும் கட்டிக்கொண்டு ரயிலேறினார். விடுதி வாசலில் மறித்து, இன்றைக்குப் பார்க்க முடியாது என்றார்களாம். கம்பி வேலிக்கு அப்பால் பிள்ளைகள் வரிசையாகக் கல் சுமந்து மதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிருக்குப் பொருந்தாத உடுப்பு. அதில் ஒருத்தி தங்கச்சி. அப்பா அவளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளுக்குக் கேட்டது என்பது அவள் தோள் அசைந்ததில் தெரிந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள்.

"என்ர பிள்ளை என்னைத் திரும்பிப் பாக்கப் பயந்தவள்" என்று அப்பா பிறகு எங்களிடம் சொன்னார்.

அப்பாவின் பிரெஞ்சு குசினிக்குப் போதுமானது மட்டும்தான். வாசலில் நின்று "மா ஃபிய், மா ஃபிய்" என்று, என் மகள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பொலிசைக் கூப்பிடுவோம் என்று அவர்கள் வெருட்டினார்கள். கூப்பிடுங்கோ என்று தலையாட்டினார். அவர்கள் கூப்பிடவில்லை. பொழுதுபடும் நேரத்தில் கதவைத் திறந்து அவளை வெளியே விட்டார்கள். ரயிலில் அவள் புக்கையை மடியில் வைத்திருந்தாள். சாப்பிடு என்று அவர் சொல்லும்வரை அவள் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்பாவுக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரங்களுக்குப் பிறகு, எங்கள் அறையில் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசத் தொடங்கினாள்.

"அக்கா, பக்கத்துக் கட்டிலிலை ஒரு பிள்ளை இருந்தவள்."

அங்கே பிள்ளைகள் தங்களுக்குள் பேசக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி முணுமுணுப்பாளாம். கடலுக்குக் கிட்ட ஓர் ஊர் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறாள். இடதுகைக்காரி. மணிக்கட்டில் பழைய சுட்ட காயம். இருமல் வந்து பல நாட்கள் நிற்கவில்லை. மருத்துவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டதற்கு, நடிக்கிறாள் என்று வெளியே வேலைக்கு விட்டார்கள். ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

"அவள் காலிலை போடுற சப்பாத்து கட்டிலுக்குக் கீழை இருந்தது அக்கா. வெளியிலை ஸ்னோ."

அன்றிலிருந்து நான் அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். கல்வி அலுவலகத்தில், அது பள்ளிக்கூடமாகப் பதிவாகவில்லை, ஆகவே எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சுகாதார அலுவலகத்தில், அங்கே மருத்துவரே இல்லாதபோது அது சிகிச்சை நிலையம் ஆகாது என்றார்கள். சிறுவர் பாதுகாப்புப் பிரிவில், நீதிபதி அனுப்பிய பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை, பெற்றோரே விட்டிருக்கிறார்கள் என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் இலக்கத்தைத் தந்தார்கள். தொலைபேசியை வைத்த பிறகு, அத்தனை பிள்ளைகள் படுத்தெழும்பும் ஒரு வீடு இந்த நாட்டில் எங்குமே இல்லை என்பதுபோல இருக்கும்.

கடைசியாக அந்த மலைப்பக்க மாவட்டத்தில் சிறுவர் விடுதிகளைச் சோதிக்கும் பரிசோதகர் ஒருவர் கிடைத்தார். வயதான குரலுள்ள பெண். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"அனுமதி கொடுத்தவர் யார் என்று தேடுகிறீர்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. பிள்ளைகளைத் தங்கவைக்கிறவர் முதலில் எங்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் திறந்ததே குற்றம். அது போதும் எனக்கு" என்றார்.

அவரும் அவருடைய ஆட்களும் முன்னறிவிப்பில்லாமல் விடுதிக்குப் போனார்கள். கொஞ்ச நாட்களில் மாவட்ட அரச நிர்வாகமான பிரெஃபெக்தூர் அந்த இடத்தை மூடியது. பிள்ளைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். தங்கச்சியின் வாக்குமூலத்துக்காகப் பரிசோதகர் பாரிசுக்கு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். குதிரைகளைப் பற்றிக் கேட்டார். குதிரையே இல்லை என்றாள் தங்கச்சி. பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள்.

பரிசோதகர் பேனாவை வைத்துவிட்டார். அப்படி ஒரு பிள்ளை அங்கே இருந்ததே இல்லை என்று இயக்குநர் சொல்லியிருந்தார். சிறுவர்களை வைத்திருக்கும் எந்த இடத்திலும் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பதிவு இருக்க வேண்டும். அங்கே அது இல்லை. இப்படி ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று எந்தப் பெற்றோரும் பொலிசுக்குப் போகவும் இல்லை.

"ஆகவே அவள் உண்மையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றார் பரிசோதகர்.

"சப்பாத்து இல்லாமலா?" என்று பிரெஞ்சில் கேட்டாள் தங்கச்சி.

அவர் பேனாவைத் திரும்ப எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அந்தக் கோடையில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். விடுதியில் இருந்த ஒரு பையனின் தாய். எங்கள் இலக்கம் எப்படிக் கிடைத்ததோ தெரியாது. "உங்கள் மகள் அதை மூடிவிட்டாள். என் மகன் வீட்டில் இருக்கிறான். நேற்று என்னை அடித்தான். இப்போது இவனை எங்கே விடுவது, சொல்லுங்கள்" என்று அழுதார். அம்மாவின் கையிலிருந்து நான் அதை வாங்கப் போனேன். அம்மா தொலைபேசியைத் தரவில்லை. தன் உடைந்த பிரெஞ்சில், "என் மகளும். என் தோள். எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அந்தத் தாய் வைக்கும்வரை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நல்லதாக ஓர் இடம், கண்காணிப்புள்ள இடம், அந்தத் தாய்க்கும் எங்களுக்கும் கிட்டத்தில் இருந்திருந்தால் நாங்கள் யாருமே அந்த மலைக்குப் போயிருக்க மாட்டோம்.

இயக்குநர் சிறுவர்களுக்கான இடம் எதையும் இனி நடத்தக்கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாவட்டம் மாவட்டமாகத் தேடியதில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்று பரிசோதகர் தொலைபேசியில் சொன்னார். தான் ஓய்வுபெறப் போவதையும் அன்றுதான் சொன்னார்.

தங்கச்சி இப்போது பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறாள். வேலை, கணவர், ஒரு சின்ன மகள். அனுமதி கேட்கும் பழக்கம் மெல்லமெல்ல விட்டுப்போனது. களைத்திருக்கும் நாட்களில் மட்டும் கதவடியில் ஒரு கணம் நிற்பாள். மகளைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்த அன்று, வாசலில் ஒட்டியிருந்த அனுமதிப் பத்திரத்தை நின்று கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு உள்ளே போய், வரவுப் பதிவை யார் எழுதுகிறார்கள், பிள்ளை போகும்போது யார் கையெழுத்து வைக்கிறார்கள் என்று விசாரித்தாள். அங்கிருந்த இளம்பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

சென்ற இலைதுளிர் காலத்தில் நாங்கள் இருவரும் பாரிசின் சென்-லசார் நிலையத்துக்குப் போகும் ரயிலில் இருந்தோம். எதிரே ஒரு பெண் இடதுகையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். சட்டைக்கை மணிக்கட்டை மூடியிருந்தது. அவள் இறங்கியபோது தங்கச்சியும் எழும்பினாள். எங்கள் நிலையம் இல்லை என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். மேடையில் அந்தப் பெண்ணை மறித்து, மன்னிக்க வேண்டும், நீங்கள் சின்ன வயதில் மலைப்பக்கம் ஒரு விடுதியில் இருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று அந்தப் பெண் கனிவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த ரயிலுக்காக மேடையோரத்து வாங்கில் போய் இருந்தோம். நான் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது.

"அவளின்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு அக்கா" என்றாள். "அதாலைதான் இப்ப எல்லாரும் அவளைப் போலை இருக்கினம்."