இன்னும் சோதிக்காத கணக்கு

சேலையூரில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனேன். ஒல்லியான ஆள். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் ஏதோ கணக்கு எழுதிக்கொண்டே இருப்பார். உலகமே கண்ணுக்குத் தெரியாத இழைகள் அதிர்வதால் ஆனது என்றார்.

“டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சா சார்?”

“அவ்ளோ சின்னதைப் பாக்க மெஷினே கிடையாதுப்பா.”

“உங்காளுங்க எல்லாரும் ஒத்துக்கினாங்களா?”

“நிறைய பேரு இது சயின்ஸே இல்லங்கறாங்க. ஆனா கணக்கு இவ்ளோ அழகா வந்தா பொய்யா இருக்காது.”

டெஸ்டர் வைக்காமல் நான் எந்த வயரையும் தொட்டதில்லை. எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் கேட்டேன்.

“பிசிக்ஸ் முடிச்ச என் பொண்ணு இதையே படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. உங்ககிட்ட சேக்கலாமா சார்?”

பேனாவை மூடினார்.

“வேணாம்ப்பா. வேற ஏதாவது படிக்கச் சொல்லு.”

அவருக்கே அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லையா, வயரிங்காரன் மகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.