டைகருக்குப் பிறகு என் பெயர்

நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அப்பா என்னை மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அத்தை அப்பாவின் தங்கை. மாமாவுக்கு அங்கே தேயிலை பேக்டரியில் வேலை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்திலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போன முதல் பிள்ளை நான்தான் என்பதால், பஸ் ஏற ஏற என் தலைக்கனமும் ஏறிக்கொண்டே போனது. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை குடியிருந்தது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு தொழிலாளர் வீடுகள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டித் தேயிலைச் செடிகள், செடிகளுக்கு மேலே ஒரு பெரிய பாறை. அந்த மலையில் சிறுத்தைகள் இருந்தன. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் சந்துக்குள் தண்ணீர் ஏறும் என்று சொல்வதுபோல அங்கே அதை சாதாரணமாகச் சொன்னார்கள்.

“பகல்ல நம்ம ஷிப்ட்டு, அஞ்சரைக்கு மேல அதோட ஷிப்ட்டு. அது வேலைக்கு வர்ற நேரத்துல நாம குறுக்க நிக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் மாமா.

அத்தை வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர். வீரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பூனையைக் கண்டால் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும் சின்ன நாய். அதன் கழுத்தில் மாமா பழைய எண்ணெய் டின்னை வெட்டி அகலமான பட்டை ஒன்று போட்டிருந்தார். சிறுத்தை முதலில் பிடிப்பது கழுத்தைத்தானாம். கடைசி வீட்டு நாயை முந்தின மாதம்தான் அது தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதிலிருந்து லயத்தில் யாரும் எலும்புத் துண்டைக்கூட வெளியே வீசுவதில்லை. ஆறு வீட்டைச் சுற்றியும் புதர் என்று ஒன்று இல்லாமல் வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குச் சம்மதமே. ஒன்றுதான் ஒத்துவரவில்லை. தினமும் ஐந்தரை மணிக்கு அத்தை வாசலில் நின்று ஆஜர் எடுப்பாள். முதலில் “டைகரு!” என்று கூப்பிடுவாள். அடுத்தது “லட்சுமி!” லட்சுமி என்பது ஆடு. மூன்றாவதாக என் பெயர். அதற்கும் பிறகுதான் அத்தை மகன். சிறுத்தைக்கு யார் சுலபமோ அவர்களை முதலில் உள்ளே சேர்ப்பது அத்தையின் வழக்கம். நான் அதை மரியாதை வரிசை என்று எடுத்துக்கொண்டேன். மட்டாஞ்சேரியில் பள்ளிக்கூடத்தில் லீடராக இருந்தவளை நாய்க்கும் ஆட்டுக்கும் பிறகு கூப்பிடுவதா? எங்கள் சந்து நாய்கள் இருட்டிய பிறகும் மீன் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு யாரும் ஆஜர் எடுத்ததில்லை. அந்த நாய்களுக்கு இருந்த சுதந்திரம்கூட எனக்கு இல்லையே என்று மூன்று நாள் பொருமினேன்.

நான்காம் நாள் போராட்டம் நடத்துவது என்று முடிவு செய்தேன். ஐந்து மணிக்கு நான்கு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். டைகரின் கயிற்றை அவிழ்த்து அதையும் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு அப்பால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். ஆஜர் எடுக்கும்போது வரிசையில் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் இருக்க மாட்டார்கள். அப்போது தெரியும் என் அருமை.

அத்தையின் குரல் வந்தது. டைகரின் பெயர், ஆட்டின் பெயர், என் பெயர். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். டைகர் அதுவரை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதை அப்படியே விட்டுவிட்டு, முதுகு மயிரெல்லாம் நிற்க, என் மடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. குரைக்கக்கூட இல்லை. அத்தைக்கு இப்படியா பயப்படுவாய், கோழை என்று அதைத் திட்டினேன்.

ஈயத்தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே அத்தை வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். உண்மையில் என்னைப் பார்க்கவில்லை; என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். முகத்தில் முழிக்கப் பிடிக்காத அளவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன்.

“மோளே, மெதுவா எழுந்திரு. குனியாத. நிமிர்ந்து நில்லு” என்றாள். அவள் என்னை அதுவரை மோளே, மகளே என்று கூப்பிட்டதே இல்லை.

கிட்டே வந்து டைகரை ஒரு கையில் இடுக்கிக்கொண்டாள். தட்டையும் கரண்டியையும் என்னிடம் தந்து, என்னை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, என் முதுகோடு தன் முதுகை ஒட்டினாள்.

“நட. ஓடாத. ஹார்பர்ல இப்ப என்னென்ன மீனு வருதுன்னு சொல்லு. ஒரு மீனுக்கு ஒரு தட்டு.”

எனக்கு நம்ப முடியவில்லை. அப்பா தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் ஏற்றுகிற வேலையில் இருந்தார். மீன்கள் விஷயத்தில் நான் புலி. ஆனால் அந்த மலையில் இத்தனை நாளும் ஒருவரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“மத்தி!” என்று ஒரு தட்டு. “அயிலை!” என்று இன்னொன்று.

“சத்தமா! காதுல விழல!”

“நெய்மீன்! சூரை! ஆவோலி! கிளிமீன்!”

தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை பின்புறமாகவே நடந்து வந்தாள். அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். என் சத்தம் கேட்டு ஆறு வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு நிமிடம் எங்கள் பக்கம் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகத் தட்டையும் குடத்தையும் தட்ட ஆரம்பித்தார்கள், சிலர் ஓவென்று கூவினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில்கூட அப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அத்தை கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். டைகரை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு அடுப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், பாதி அவள் சேலையில் சிந்தியது. இந்த மலையில் குளிர்தான் எவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாறைக்குப் போய் வந்து ஏதோ பேசினார்கள். என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள்.

மாமா ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் மலையிறங்கி எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளுருத்திக்கு வந்துவிட்டார்கள். போன மழைக்காலத்தில் அத்தை வீட்டில் சாயா குடித்துக்கொண்டே, ஒரு மலையே என்னைக் கைதட்டி வரவேற்ற கதையை என் மகளுக்குப் பெருமையாகச் சொன்னேன். அத்தை மத்தியை ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எடீ, நெசமாவே உனக்குத் தெரியாதா? அது பாறை மேல படுத்துக் கெடந்துச்சு. உனக்கு நேர் பின்னால, பத்தடி இருக்கும். வாலு மட்டும் ஆடுது.”

என் கையில் இருந்த டம்ளரை நான் கீழே வைத்தேன்.

“அது பாஞ்சிரும்னுகூட நான் அவ்வளவு பயப்படல. ஆளு சத்தம் விடாம கேட்டா அது விலகிப் போயிரும்னு தெரியும். உனக்கு மீன் பேரு தீந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னுதான்டி எனக்கு உசிரே போச்சு.”

அன்று எனக்கு இருந்த குறை வேறு. வாசல் சீக்கிரம் வந்துவிட்டது. அத்தை தாழ் போட்ட கதவைத் திறக்கச் சொல்லி, இன்னும் கணவாயும் நண்டும் சொல்லவில்லையே என்று, அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.