கொனாரியோவின் அடிக்குரல்

காப்பிக் கோப்பையைக் கொனாரியோ தூக்குவதில்லை. மேசையில் இருக்கிற கோப்பைக்கு வாயைக் கொண்டுபோவான். வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வான்; விட்டால் அது கோழி இறக்கை மாதிரி அடிக்கும். "கிறுக்கு கைக்குத்தாண்ணே, எனக்கில்ல," என்பான். அதைச் சொல்லி முடிக்க நேரமாகும். பொறுக்காமல் யாராவது முடித்துவைத்தால், முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

இத்தாலிக்குச் சேர்ந்த சார்தீனியாத் தீவில் எங்கள் மலையில், செம்புக் கொப்பரையில் பால் காய்ச்சிப் பாலாடைக்கட்டி போடுகிற குடும்பம் அவனுடையது. இவன் தள்ளாடியபோது ஒயின் என்றோம். ஒரு சாவு வீட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். புருஷனைப் பறிகொடுத்தவள் எழுந்துவந்து அறைந்தாள். அறை விழுந்தும் சிரிப்பு போகவில்லை. அப்போதுதான் அவன் தங்கை அந்தோனிக்கா, "இது சிரிப்பில்லடி, மூஞ்சி பூட்டிக்கிச்சு!" என்று கத்தி, அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கண்ணில் விளக்கடித்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். சாப்பாட்டிலிருக்கிற செம்பை ஈரல் வெளியே தள்ளாமல் சேர்த்துவைத்து, அது நிரம்பி மூளைக்கு ஏறிவிட்டதாம். அப்பா, அம்மா இரண்டு பேர் வழியிலும் வந்த வினை. எங்கள் மலையில் யாருக்கு யார் சொந்தமில்லை? அவன் அம்மாவோ வீட்டுக்கு வந்ததும் கொப்பரையை ஓடையில் உருட்டிவிட்டாள்.

"ஏம்மா, அதுல போட்ட கட்டிய ஊரே தின்னுச்சு. ஊரே ஆடுதா?" என்றான் இவன்.

மாத்திரை ஆரம்பித்ததும் முதலில் மோசமாயிற்று. அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். பேச்சு பாதிக்குமேல் போயிற்று.

நாங்கள் நாலு பேர் தோளணைத்து வட்டமாக நின்று பாடுகிறவர்கள். பாட்டின் சொல்லெல்லாம் தத்தேயுவுக்கு. மற்ற மூன்று பேருக்கும் வெறும் ஓசைதான். கொனாரியோ அடிக்குரல், காளை உறுமுகிற மாதிரி. ஊர்த் திருவிழா நெருங்க, தத்தேயு அடிக்குரலுக்கு வேறு ஆள் தேடினான். அது தெரிந்து கொனாரியோ ஒத்திகைக்கு வந்து, தன் இடத்தில் நின்றுகொண்டான்.

"பேசவே வரல, என்னத்தடா பாடுவ?" என்றான் தத்தேயு.

"பே... ச... வா கூப்... பிட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தத்தேயு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பாட்டெடுத்தான். கொனாரியோ வாயைத் திறந்தான்.

என் தோளில் கிடந்த அவன் கை, சட்டை படபடக்க அடித்தது. குரல் அசையவில்லை. தரைக்கடியிலிருந்து வருகிற மாதிரி, ஒரே கோடாக வந்தது. உடம்பு இவ்வளவு ஆடுகிற மனுஷனுக்குள் இது மட்டும் எங்கே நிலையாக உட்கார்ந்திருக்கிறது? இருபது வருஷமாகப் பக்கத்தில் நிற்கிற எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தத்தேயு சொல்லை மறந்து நின்றுவிட்டான். நாங்களும் பாட்டை நிறுத்திவிட்டோம்.

கொனாரியோ நிறுத்தவில்லை. கண்ணைத் திறக்காமலே முழங்கையால் என் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்தான்.