கூழாங்கல் பாதையும் கும்சுன் சித்தியின் குதிகாலும்

கும்சுன் சித்தி தென்கொரியாவின் தேகு நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் சமையல்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறாள். நான் அவளோடுதான் தங்கியிருக்கிறேன். சென்ற அக்டோபரில் அவளுக்குக் குதிகால் வலி தொடங்கியது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி ஆணி மேல் வைத்ததுபோல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவாள்.

ஆனால் பள்ளியில் அவள் ஒரு நாளும் நொண்டவில்லை. பிப்ரவரியில் தலைமைச் சமையல்காரி ஓய்வு பெறவிருந்தார், அடுத்தது சித்தியின் முறை. அந்தப் பள்ளியில் அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டு ஈரத் தரையில் நாளெல்லாம் நிற்க முடியாதவளுக்கு அந்த இடத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

இன்ஜாவிடம் மட்டும் சொன்னாள். பதினான்கு வருடமாகப் பக்கத்து அடுப்பில் நிற்பவள், மூன்று வயது இளையவள். வைத்தியமெல்லாம் இன்ஜா சொன்னதுதான். படுக்கையிலேயே பாதத்தில் துண்டை மாட்டி, முழங்காலை மடக்காமல் தன் பக்கம் இழுக்க வேண்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்ட வேண்டும். இரவில் மாசிபத்திரித் தழை கொதித்த வெந்நீரில் காலை ஊறவைக்க வேண்டும். மாலையில் குன்றடிச் செம்மண் பாதையில் வெறுங்கால் நடை.

பனி விழுந்த பிறகும், உள்ளங்கால் மண்ணில் படும்படி அடியில் ஓட்டை போட்ட காலுறையோடு எங்கள் குடியிருப்பே அங்கே நடக்கும். பாதையின் முடிவில் கொஞ்ச தூரம் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். வலிக்கிற இடத்தில் அடைப்பு இருக்கிறது, மிதித்துத்தான் திறக்க வேண்டும் என்பார்கள். கண்ணில் நீர் முட்ட, "அப்பாடா, என்ன சுகம்" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். சித்தியும் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு சுத்து வாக்கா. நல்லா குத்தட்டும்" என்பாள் இன்ஜா.

ஜனவரியில் காலை ஊன்றவே முடியவில்லை. எலும்பு மருத்துவர் கோபித்துக்கொண்டார். குதிகால் அடியில் தசைநார் புண்ணாகிக் கிடக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கல்லில் இடிக்கிறீர்களே என்றார். துண்டும் ஐஸும் போதும், வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது. சித்தி அவர் சொன்னபடியே செய்தாள். மூன்று வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது.

அப்போதுதான் பள்ளியின் உணவு அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மிகவும் பரிவாகப் பேசினாராம். "காலையில துண்டு கட்டி இழுத்தாத்தான் எழுந்திரிக்கவே முடியுதாமேம்மா? இந்த நிலைமையில பெரிய பொறுப்பை உங்க தலையில கட்டறது பாவம்."

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னைக் கூப்பிட்டாள். "துண்டு விஷயம் நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பாதைக்குப் போனாள். நானும் போனேன். இன்ஜா குழாயடியில் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொன்னியா?"

இன்ஜா மறுக்கவில்லை. "உன் கால் ஆறட்டும்னுதான்கா. அண்டாவத் தூக்கி நீ விழுந்து வச்சா?"

"கல்லுல நடக்கச் சொன்னதும் ஆறத்தானா?"

"எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் உன்கூட நடந்தேன்ல."

"நடப்பே. உனக்கென்ன, நல்ல காலு."

இன்ஜா கூடவே நடந்தது உண்மைதான். அந்தக் கற்களை அவள் நம்பினாளா, இல்லை தெரிந்தேதான் நடக்க வைத்தாளா? அன்றிலிருந்து சித்தி இதை என்னிடம் பலமுறை கேட்டுவிட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மார்ச்சில் புதுக் கல்வியாண்டுக்குப் பள்ளி திறந்தபோது இன்ஜா தலைமைச் சமையல்காரியாகிவிட்டாள். அன்று மாலை எங்கள் வாசலில் ஒரு பெட்டி இருந்தது. வைத்தவர் பெயர் எழுதவில்லை. உள்ளே பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தென்ற குதிகால் அட்டை ஒரு ஜோடி. மருத்துவர் வாங்கச் சொல்லியும், சித்தி கடைக்குப் போக நேரமில்லாமல் தள்ளிப்போட்டிருந்தாள். அதை இன்ஜாவிடம்தான் சொல்லிப் புலம்பியிருந்தாள்.

சித்தி ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். திரும்ப வைத்து மூடினாள்.

"இதை அவ வீட்டு வாசல்ல வச்சிட்டு வந்துரு."

நான் செருப்பு மாட்டும்போது மறுபடி கூப்பிட்டாள். "பெட்டியில என்ன கம்பெனி பேரு போட்டிருக்குன்னு பாத்துக்கோ. வர்ற வழியில இதே மாதிரி என் காலுக்கு, இருநூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் அளவுல ஒண்ணு வாங்கிட்டு வா."