கண்ணைக் குற்றம் சொல்லி விற்ற டேப்லெட்

1. டாக்டர் சீட்டு

சித்ரா அக்கா கத்தவில்லை. டேப்லெட்டை கவுன்ட்டரில் வைத்தார். பக்கத்தில் கண் டாக்டர் எழுதிய சீட்டை வைத்தார்.

"படிச்சுப் பாருங்க."

இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை என்று இருந்தது.

"எங்கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

நான்தான் சொன்னேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடம் சேல்ஸில் இருந்தவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. பாதி கோபம் என்மேல்தான்.

2. நான் சொன்ன பதில்

அவர் சேந்தமங்கலத்துக்காரர். கணவர் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு டிரைவர். போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். அக்கா தையல் தைத்துக்கொண்டே அரசு வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்தார். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கேள்வி பதில் எல்லாம் பிடிஎஃப். போனில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று பத்து இஞ்ச் டேப்லெட் வாங்க வந்தார். நான் டெமோ வீடியோவை ஓட்டிக் காட்டினேன். அருவியும் கிளியும் பளபளவென்று தெரிந்தன. பெட்டியில் 'ஃபுல் ஹெச்டி' ஸ்டிக்கர். வாங்கிப் போனார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார்.

"எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்குதுங்க. ரெண்டு சுழியா மூணு சுழியான்னே தெரியறதில்லீங்க. பெருசு பண்ணுனா ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் படிக்கோணும்."

இதற்கு முதலாளி எங்களுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அப்படியே ஒப்பித்தேன். "வயசு ஆகுதில்லீங்களா அக்கா, கண்ணு அப்படித்தான். கண்ணாடி போட்டா சரியாயிரும்."

அவர் முகம் மாறிப்போனது. "எங்கப்பாவுக்கு சர்க்கரையில கண்ணு போயிருச்சுங்க. அப்படி ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"ஒருதடவை காட்டிக்குங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த கஸ்டமரிடம் திரும்பிவிட்டேன்.

அவர் காட்டிக்கொள்ளவில்லை. என்ன சொல்வார்களோ என்ற பயம். படித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று படிப்பை நிறுத்திவிட்டார். நாலு மாதம். அதற்குள் பரீட்சை முடிந்துபோனது. ஊருக்கு வந்த கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது.

3. பக்கத்தில் பக்கத்தில்

அவர் டேப்லெட்டின் விவரத்தை அன்றைக்குத்தான் நெட்டில் தேடிப் பார்த்தேன். பத்து இஞ்ச் திரைக்கு 1024க்கு 600 பிக்சல். ஓர் இஞ்ச்சுக்கு நூற்றுப்பதினெட்டு சொச்சம்தான் வரும். நல்ல திரையில் இருநூறுக்கு மேல் இருக்கும். 'ஃபுல் ஹெச்டி'க்குக் கீழே எறும்பு சைஸில் 'வீடியோ ஓடும்' என்று இருந்தது. அதாவது அந்த ஃபைல் திறக்கும், அவ்வளவுதான். திரை தன்னிடம் இருக்கிற பிக்சலைத்தான் காட்டும். இரண்டு வருடமாக அந்த மாடலை விற்ற நான், அந்த வரியைப் படித்ததே இல்லை.

நல்ல திரையுள்ள இன்னொரு டேப்லெட்டை எடுத்து, அக்காவின் பிடிஎஃபையே இரண்டிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. மற்றதில் 'ணை'யின் சுழிகள் அடைபட்டு, மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு கரைந்திருந்தது.

முதலாளி வந்தார். "ஏப்பா, வித்து அஞ்சு மாசமாச்சு. வேற பெரிய டாக்டரா பாக்கச் சொல்லு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அவங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க! பொய் சொன்னது நாம. இந்தாங்க, நீங்க படிங்க பாக்கலாம்."

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அக்காவின் டேப்லெட்டைப் பார்த்தார். இரண்டாவது வரியிலேயே தடுமாறினார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மாத்திக் குடுத்துத் தொலை" என்று உள்ளே போய்விட்டார். நியாயத்துக்காக இல்லை, நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக.

அக்கா புதிய டேப்லெட்டில் ஒரு பக்கத்தை நின்றபடியே முழுதாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரீட்சைய எப்படிங்க மாத்திக் குடுப்பீங்க?"

4. கற்றது

அதன்பிறகு அந்த மாடலைக் கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு மாதத்தில் "வேற எடம் பாத்துக்கப்பா" என்றார் முதலாளி. பார்த்துக்கொண்டேன்.

இப்போது டெமோ வீடியோ போடுவதில்லை. படிக்க வாங்குகிறவர் எதைப் படிப்பாரோ அதையே திறந்து, பெரிதாக்காமல் கையில் கொடுக்கிறேன். சுழியும் புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று அவரே சொல்லட்டும். இஞ்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் விற்கக்கூடாது.

அடுத்த பரீட்சையை அக்கா எழுதினார் என்று கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுதுங்க? இனி யாரு வந்து தெரியலைன்னு சொன்னாலும், மொதல்ல உங்க பொருளப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.