பச்சையாக்கிய பதினோரு பெயர்கள்

நான் பொய் சொன்னேன். எழுத்துக் கூட்டவே தெரியாத பதினோரு பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள் என்று கைப்பேசியில் பதிந்து மேலே அனுப்பியவன் நான்தான். கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியன். உடனே முகம் சுளிக்காதீர்கள்... முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்!

முதல் முறை உண்மையைத்தான் பதிந்தேன். கள்ளக்குறிச்சியில் நடந்த கூட்டத்தில் பள்ளிகளின் பட்டியலைத் திரையில் போட்டார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அதிகமிருந்தால் சிவப்பு. என் பள்ளி சிவப்பு. அதிகாரி என்னை எழுப்பி நிற்கவைத்தார்.

"இன்னா சார், சம்பளம் வாங்கிக்கினு தூங்குறீங்களா?"

மண்டபமே சிரித்தது. எனக்கு நாற்பத்தாறு வயது! ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான் என்பதை எவன் கேட்டான்?

அடுத்த தேர்வில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. அது கிடைக்கும் கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி, பெயர் பெயராக அழுத்தினேன். எல்லாம் பச்சை. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

சிவப்புப் பள்ளிகளுக்குத்தான் வாசிப்புப் பயிற்சிக்கு ஆள் தருவார்கள். நாங்கள் சிவப்பானதிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை அந்த வாரமே வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நான் தடுத்தேனா? என்ன சொல்லித் தடுப்பது... சொல்லுங்கள்!

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி ராசாத்தி. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ரேங்க் கார்டை அவள் அம்மாவிடம் நீட்டி, "பொண்ணு நல்லா படிக்குது" என்று நானே சொன்னேன். அதை நம்பி, கள்ளக்குறிச்சியில் விடுதியோடு இருந்த பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தாள்.

சென்ற மாதம் சந்தையில் அந்த அம்மா என்னைக் கண்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு வாட்டி வூட்டுக்கு ஓடியாந்துட்டா சார். எனக்குப் படிக்கவே தெரியாதும்மா, புள்ளைங்க சிரிக்குதுங்கன்னு ஒரே அழுவ. சாரு பொய் சொல்வாராடின்னு வெளக்குமாத்தால நாலு வச்சி, திரும்ப கொண்டும்போய் வுட்டுட்டு வந்தேன். நான் செஞ்சது சரிதான சார்?"

உண்மையைச் சொன்னதற்காக அந்தக் குழந்தை அடி வாங்கியிருக்கிறாள்... என் பொய்யை நம்பிய தாயின் கையால்! அதிகாரியைத் திட்டலாம், திரையைத் திட்டலாம். திட்டியிருக்கிறேன், வாய் வலிக்க. ஆனால் அங்கே அதிகாரி இல்லை. நான் இருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் அடுத்த பஸ்ஸிலேயே மகளிடம் போயிருப்பாள்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிதாம்மா" என்றேன்.