சத்தம் போடாத டீஜே

என் கல்யாண வரவேற்புக்கு டீஜே வேண்டும் என்பதில் நான் ஒற்றைக்காலில் நின்றேன். சேலையின் நிறத்தை அம்மா பார்க்கட்டும், கோழியா ஆடா என்பதை அண்ணன் முடிவு செய்யட்டும். மாப்பிள்ளையே வீட்டில் பார்த்தவர்தான், அதற்கும் சரி என்றுதான் தலையாட்டினேன். டீஜே மட்டும் என் விஷயம். ஹட்டனில் நான் வேலை பார்த்த துணிக்கடையில் என்னோடு இருந்த நான்கு பெண்களுக்கும் டீஜே வைத்துத்தான் வரவேற்பு நடந்தது. நான்கிலும் கால் வீங்க ஆடிவிட்டு, "என்னோடதுல பாருங்கடி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொன்னதைக் காப்பாற்றுவதற்காகப் பிறகு ஓடித் திரிவதும் பழக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. காலையில் கோயிலில் தாலி, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு வரை எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளை அக்கரப்பத்தனைக்காரர். கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார். கார்டு அடித்துப் பாதிப்பேருக்குக் கொடுத்தும் முடித்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. மழை காரணமாக, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஏ.எல். பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். புதிய தேதியைப் பார்த்தால், என் வரவேற்புக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் முதல் பேப்பர்.

பரீட்சை எனக்கில்லை, பக்கத்து வீட்டில், அடுத்த காம்பராவில் இருந்த பெண்ணுக்கு. எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள். நடுவில் இருக்கும் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் இருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட லயத்திலிருந்து விஞ்ஞானப் பிரிவில் ஏ.எல். எழுதப்போகும் முதல் பிள்ளை அவள். கடைசி ஒரு மாதமாக எல்லாரும் அடக்கி வாசித்தார்கள். டீவியை முணுமுணுக்க விட்டார்கள். வாய்ச் சண்டைகளையெல்லாம் கீழே தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மண்டபமோ லயத்துக்குக் கீழே இருபது எட்டு வைக்கும் தூரத்தில். அங்கே டீஜே போட்டால் அவள் மேசையில் இருக்கும் பேனா தானாக நடக்கும்.

அவளுடைய அம்மா எங்களிடம் எதையும் கேட்கவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் எங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்றபடி, "புள்ளய டிக்கோயாவுல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிர்றேன். நீங்க நல்லபடியா நடத்துங்க" என்று மட்டும் சொன்னார். அந்த அண்ணன் வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். மேசை கிடையாது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. வருஷம் முழுக்க எத்தனையோ திங்கட்கிழமை இருக்க, என் கல்யாணத்துக்கு மறுநாளா கிடைத்தது? அந்தக் கோபத்துக்கு அடியில் பொறாமையும் இருந்தது. நான் ஓ.எல்.லோடு படிப்பை நிறுத்தியவள். எனக்காக அந்த லயத்தில் யாரும் டீவி சத்தத்தைக் குறைத்ததில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான்காம் நாள் பீலியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். குடம் நிறைய நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் டிக்கோயாவுக்குப் போகலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அங்க போயிட்டா ஒங்கள சேலையோட பாக்க ஏலாதே" என்றாள்.

அதற்கு மேல் யாரால் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியும்? அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். டீஜேயும் வருவார், பிள்ளையும் தன் வீட்டில் இருந்தே படிப்பாள். அதற்குத் தோதான டீஜேயைத் தேட வேண்டும். அண்ணன் ஃபெக்டரியில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவர். சத்தமில்லாத டீஜே என்றதும் தலையில் அடித்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலாவது டீஜே ஹட்டனில், ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியை அறைக்குள்ளும் கழற்றவில்லை. ஃபோனில் வீடியோ காட்டினார். புகை, பச்சை வெளிச்சம், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். "எங்க பேஸ் நெஞ்சுல இடிக்கும் தங்கச்சி. போன வாரம் ஒரு மண்டபத்துல சீலிங் ஓடே எறங்கிருச்சு" என்றார். அதை ஒரு சிறப்பாகத்தான் சொன்னார்.

"இடிக்காம போட முடியுமாங்க?" என்று கேட்டேன்.

அண்ணனைப் பார்த்து, "கல்யாண டென்ஷன் போல" என்றார்.

இரண்டாவது ஆள் நுவரெலியாவில். பெரிய ஹோட்டல்களுக்குப் போகிறவர், சிங்களவர், மிக மரியாதையானவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பிரச்சினை இல்ல நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் போடும் ஒரு இசையைப் போட்டுக் காட்டினார். சாக்சஃபோன் ஒன்று நிதானமாக இழுத்துக்கொண்டே போனது. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர், மெத்தை வைத்த கதிரை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் நல்ல தூக்கத்தில் இருந்தார். பஸ்ஸில் வரும்போது, "இதுக்கு சோறு திங்கலாம், தூங்கலாம். ஆட ஏலாது" என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்குத்தான் அனுபவம் வந்துவிட்டதே.

மூன்றாவது டீஜே உடப்புசல்லாவைக்காரர். நாற்பது வயதிருக்கும், வழுக்கை, கம்பளி ஸ்வெட்டர். பார்த்தால் தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவர் என்றுதான் நினைப்பீர்கள். நான் பேசி முடித்ததும் அவர் வீடியோ எதையும் எடுக்கவில்லை.

"புள்ளைக்கு மொத பேப்பர் என்னா?" என்றார்.

"உயிரியல்ங்க."

"எடத்த வந்து பாக்கணும்."

அந்த வாரக் கடைசியிலேயே ஒரு பெட்டியோடு வந்துவிட்டார். மண்டபத்தைப் பார்த்தார், மலைச்சரிவைப் பார்த்தார், லயத்தின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். மேல் சத்தம் காற்றில் போய்விடும், சுவருக்குள் நுழைவது பேஸ் என்கிற கீழ்ச் சத்தம்தான் என்று அண்ணனுக்கு விளக்கினார். பெட்டிகளைத் தேயிலை மலைப் பக்கம் திருப்பி, அடியில் ரப்பர் விரிப்பும் சாக்கும் போட வேண்டும் என்றார். பிறகு பாட்டை ஓடவிட்டு, அண்ணனைச் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தானே அந்தப் பிள்ளையின் காம்பராவுக்குள் போய் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் இஸ்தோப்பில் நின்று கையைக் காட்டக் காட்ட, கீழே அண்ணன் கூட்டினார், குறைத்தார். அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம்... ம், இப்ப சரி" என்றாள். அந்த இடத்தில் அண்ணனை நிறுத்தச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய்க் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டினார் டீஜே.

"இதத் தாண்ட மாட்டேன் தங்கச்சி. யாரு கேட்டாலும்" என்றார். இவர்தான் தொழில் தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கெத்துக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். அது என் பிழை.

வரவேற்பு நாள் நன்றாகவே விடிந்தது. தாலி கட்டி, சேலை மாற்றி, இரண்டு மணிக்கு அலங்காரக் கதிரையில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. தொடங்கியதா என்று பக்கத்து ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவில் தொடங்கியது. மாமா முறையான ஒருவர் பெட்டியின் பின்னால் போய் வயரை ஆட்டிப் பார்த்தார். "கரண்டு கம்மியா?" என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளையின் கொழும்புக் கூட்டாளிகள் டீஜேயைச் சுற்றிக்கொண்டு கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவர் ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகத் தலையை மட்டும் ஆட்டினார். முன்வரிசையில் என் மாமியார், "பாதி டீஜேதான் புடிச்சிருக்காங்க போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது வரை சூடேறியது. எழுந்து நின்று கத்த முடியாத ஒரே நாள் அது.

"டீஜேக்குத் தொண்ட கட்டிருச்சா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் முழுக் கதையையும் அவர் காதில் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எங்காளுங்க சும்மா இருக்க மாட்டாங்களே" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பாட்டு சரியாகக் கேட்காததால் அக்கரப்பத்தனைக் கூட்டம் தாங்களே பாடத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் விடுவார்களா? ஒரு பாட்டுக்கு அந்தப் பக்கம், மறு பாட்டுக்கு இந்தப் பக்கம். கை தட்டினார்கள், கதிரையைத் தட்டினார்கள், தகரச் சட்டி ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. இருநூறு பேர் ஆளுக்கொரு சுதியில். எந்த டீஜேயும் அப்படி ஒரு சத்தத்தைப் போட்டிருக்க முடியாது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீஜேயிடம் ஓடினேன். அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"தங்கச்சி, பொட்டிக்குத்தான் கோடு போட்டோம். ஆளுங்களுக்குப் போடலையே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் படிப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்றுதான் தோன்றியது. மேடைக்குத் திரும்பாமல், சேலையும் மாலையுமாக நேரே லயத்துக்கு ஏறினேன். மாப்பிள்ளை பின்னாலேயே குடையோடு வந்தார்.

அவள் மேசையில் இல்லை. சுவரோரமாக, புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா. இப்பவே போயி எல்லாரையும் அடக்குறேன்" என்றேன்.

"வேணாங்கா, அடக்காதீங்க!" என்றாள். அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "இப்பத்தான் கொஞ்சம் மூச்சு வருது. மெதுவா போட்டப்ப ஒன்னுமே ஓடல. அது என்னா பாட்டுன்னு கண்டுபிடிக்கிறதுலயே ஒரு மணி நேரம் போச்சு."

"பின்ன ஏன்டி அன்னைக்கு சரின்னு சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் எனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறீங்க. எப்புடி வேணாம்னு சொல்றது? ஒரு மாசமா யாரும் சத்தமா இருமக்கூட இல்லக்கா. ராப்பகலா இந்தச் சுவர் எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருக்கு. நான் பாஸாகலன்னா இந்த லயத்து மொகத்துல எப்புடி முழிக்கிறது? எனக்கு சத்தத்துக்குப் பயமில்ல. பொறந்ததுலேருந்து இந்த சத்தத்துக்குள்ளதானே படிச்சேன்."

யாரும் எனக்காக டீவியைக் குறைக்கவில்லை என்று பொறாமைப்பட்டேனே, அது எவ்வளவு பெரிய பாரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் மாலையின் பூ அவள் புத்தகத்தில் எல்லாம் உதிர்ந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கீழே இறங்கி அந்தச் சிவப்பு டேப்பை நானே பிய்த்தேன். "புள்ளையோட உத்தரவு" என்றேன். டீஜே மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்தச் சாதுவான மனிதரிடம் இவ்வளவு பேஸ் இருக்கும் என்று யார் நினைத்தது? ஆறு மணி வரைக்கும் ஆடினேன். மாமியாரையும் இழுத்து ஆட வைத்தேன். துணிக்கடைத் தோழிகள் நால்வரும் எனக்கு முன்பே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆறு மணிக்குப் பாட்டு நின்றது. நாங்கள் அக்கரப்பத்தனைக்குக் கிளம்ப வேண்டும். உடுப்பு மாற்ற எங்கள் காம்பராவுக்குள் போனேன். அம்மா அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் எடுத்திருந்தார். அப்போது அடுத்த பக்கச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, அதுக்குள்ள ஏன் நிப்பாட்டிட்டாங்க? இன்னும் ஒரு பாடம் இருக்கே!"

அம்மா என்னைப் பார்த்தார். இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார். "ஏய், எங்க பெரிய கரண்டிய எந்த வீட்டுக்காரி தூக்கிட்டுப் போனது?" என்று லயத்தின் கடைசி வரை கேட்கக் கத்தினார். "ஒங்க ஓட்டக் கரண்டி யாருக்கு வேணும்?" என்று ஐந்தாவது வீட்டிலிருந்து பதில் வந்தது. விஷயம் சுவருக்குச் சுவர் தாவியது. ஒரு மாதமாகக் குறைத்து வைத்திருந்த டீவிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. யாரோ அண்டாவை உருட்டினார்கள். ஒரு மாதத்து இருமலையும் சேர்த்து இருமினார்கள்.

வேனில் ஏறும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "பொறந்த வீட்ட விட்டுப் போற பொண்ணு சிரிக்குது பாரு" என்று மாமியார் சொன்னது கேட்டது. லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் லைட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.